ஐந்தரை மணித் தண்ணீர்

என் அக்கா கணவரைப் பார்த்திராதவர்களுக்கு அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும். மகள் பிறந்த அன்று பிரசவ அறையிலிருந்து நர்ஸ் வெளியே வந்து, "பொண்ணு பிறந்திருக்கு, பத்து இருபதுக்கு" என்றாள். அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், "உங்க கடிகாரம் மூணு நிமிஷம் ஃபாஸ்ட், சிஸ்டர்" என்றார். குழந்தையைப் பார்த்தது அதற்கப்புறம்தான். ஆஸ்பத்திரிச் சீட்டில் பத்து பதினேழு என்று திருத்தி வாங்கும்வரை அந்த நர்ஸை அவர் விடவில்லை.

பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பராக இருந்தார். கம்பி போட்ட ஜன்னல், ஒரு மேஜை, ஒரு பெரிய நோட்டு, கழுத்தில் விசில். எந்த வண்டி எப்போது உள்ளே வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுத வேண்டும். நேரம் ஆனதும் விசில் ஊத வேண்டும். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் சரி, கண்டக்டர் கழிப்பறையில் இருந்தாலும் சரி, விசில் விசில்தான். அவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நிமிஷம்'. முகத்துக்கு நேரே 'நிமிஷம் சார்'. அவருக்கு அதில் பெருமைதான்.

நான் அக்காவைவிட எட்டு வயது இளையவள். அடுத்த தெருவில் தனியாக இருக்கிறேன். கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற வேலை. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், அத்தானைப் பார்த்த பிறகு துணிச்சல் வரவில்லை என்று சொல்வேன். அத்தானும் அதைக் கேட்டுச் சிரிப்பார். ஆனால் ஊரார் பார்வையைச் சோதிக்கிற நான், ஆறு வருஷம் அந்த வீட்டுக்குத் தினமும் போய் வந்தும் கண்ணுக்கு முன்னால் நடந்த ஒன்றைப் பார்க்கவில்லை. அதனால் அவரைக் கேலி செய்யும்போதெல்லாம் பாதிக் கேலி எனக்கும் சேர்த்துத்தான்.

அவர் ஓய்வு பெற்றதிலிருந்து தொடங்குகிறேன். முதல் வாரம் காலை நாலரைக்கு எழுந்து, குளித்து, ஷூ மாட்டிக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கேயும் போகவில்லை. இரண்டாவது வாரம் அடுப்படிக்கு வந்தார். "நேத்து பால் ஆறு ஏழுக்குப் பொங்கிச்சு. இன்னிக்கு ஏன் ஆறு பன்னெண்டு?" என்று அக்காவிடம் விளக்கம் கேட்டார். மூன்றாவது வாரம் அக்கா என் கடைக்கு வந்து, கண் சோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அழுதாள்.

"எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதுக்குள்ள இந்த மனுஷனுக்கு ஒரு டியூட்டி வேணும்டி."

டியூட்டி வீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. ஒரு பட்டர் ஃப்ரூட் மரம். வாடகை வீட்டில் இருந்த காலத்தில், தின்ற பழத்தின் கொட்டையில் மூன்று பல்குச்சிகளைக் குத்தி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் பாதி முங்கும்படி உட்கார வைத்து, அக்கா முளைக்க வைத்தது. சொந்த வீட்டுக்கு வந்தபோது சாமான் லாரியில் அதை ஏற்ற விடவில்லை. வாளியோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அத்தான் ஓய்வு பெற்றபோது மரத்துக்கு ஐந்து வயது. முதல் காய் பிடித்திருந்தது.

"சாயங்காலம் அஞ்சரைல இருந்து ஆறு வரைக்கும் இதுக்குத் தண்ணி விடுறது உங்க பொறுப்பு. நான் இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று சொல்லி, அக்கா ரப்பர் குழாயை அவர் கையில் கொடுத்தாள்.

அத்தான் மறுநாளே அடிமரத்தைச் சுற்றி ஒரு முழம் தள்ளிச் செங்கல் வைத்து வட்டப் பாத்தி கட்டினார். ஐந்து இருபத்தொன்பதுக்குக் குழாயை உதறி நீட்டுவார். ஐந்தரைக்குத் திறப்பார். இடது கை கடிகாரத்தைப் பார்த்தபடி, வலது கை குழாயைப் பிடித்தபடி, அடிமரத்துக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் நிற்பார். ஆறுக்கு மூடுவார். மழை பெய்த நாளில் குடை பிடித்துக்கொண்டு தண்ணீர் விட்டதை நானே பார்த்தேன்.

"அத்தான், மழை பெய்யுது."

"மழை டைமுக்கு வருமா?" என்றார்.

இப்படி ஆறு வருஷம். மரம் கூரைக்கு மேலே போயிற்று. காய்த்துக் கொட்டியது. யார் வந்தாலும் பின்னால் கூட்டிப்போய்க் காட்டுவார். "ரகசியம் ஒண்ணும் இல்ல. டயத்துக்குத் தண்ணி. அவ்வளவுதான்" என்பார். அக்கா பக்கத்தில் நின்று தலையாட்டுவாள். அவள் முகத்தை நான் அப்போது சரியாகப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் மதில் ஓரமாக வாழை நின்றது. அதற்கு யாரும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியது கிடையாது. ஆனாலும் அது தளதளவென்று கன்றுகளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. "இதுக்கு மட்டும் எங்கேருந்து இவ்வளவு ஊட்டம்?" என்று அத்தான் கேட்டால், "பாத்ரூம் தண்ணி போகுதில்ல" என்பாள் அக்கா. சரிதான் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

போன வருஷம் அக்காவின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. மகள் இருக்கிற ஊரில் பெரிய ஆஸ்பத்திரி, அங்கேயே ஆபரேஷன். அத்தானும் கூடப் போனார். அவர் அங்கே இருந்த பத்து நாளும் ஐந்தரை மணி டியூட்டி என் தலையில் விழுந்தது; அத்தான் போனில் விசில் மட்டும்தான் ஊதவில்லை. கட்டியை எடுத்தாயிற்று, பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் குரல் நரம்பு சோர்ந்துபோனதால் அக்காவுக்குப் பேச்சு வரவில்லை. மெல்ல வரும், வற்புறுத்திப் பேசக் கூடாது, இரண்டு மாதம் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அக்கா மகள் வீட்டில் தங்கினாள். அத்தானை அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருந்து நாலு நிமிஷம் தாமதம் என்று அவர் மூன்று நர்ஸுகளிடம் சண்டை போட்டிருந்தார்.

கிளம்புகிற நேரத்தில் அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாளாம். குழாய் பிடிப்பதுபோல் கையை வைத்துக் காட்டினாளாம். வேண்டாம் என்று கையை ஆட்டினாளாம். அப்புறம் காற்றில் பெரிதாக ஒரு வட்டம் போட்டாளாம், இரண்டு கையையும் அகலமாக விரித்து.

"தெரியும் தெரியும். அஞ்சரைக்கு, வட்டத்துக்குள்ள. நீ கவலையே படாதே. ரயிலுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இதை அவரே என்னிடம் சொன்னபோது, அக்காவின் பொறுப்புணர்ச்சியை நினைத்து இருவரும் உருகினோம். இப்போது நினைத்தால் என் தலையிலேயே நாலு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தினமும் ஆறு ஐந்துக்கு, தண்ணீர் விட்டு முடித்த கையோடு அத்தான் போன் பண்ணுவார். மகள் போனை அக்காவின் காதில் வைப்பாள். அக்காவால் பேச முடியாதல்லவா? போனில் நகத்தால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை.

"சாப்பிட்டியா?" டொக்.

"வலி இருக்கா?" டொக் டொக்.

"மரம் ஜோரா இருக்கு." டொக்.

முதல் வாரம் மரம் நிஜமாகவே பரவாயில்லை. இரண்டாவது வாரம் இலைகள் லேசாகத் தொங்கின. வெயில் அந்த மாதிரி. மூன்றாவது வாரம் இலை விளிம்புகள் தீய்ந்துபோய், தினமும் ஒரு கூடை உதிர்ந்தது. அத்தான் காலையிலும் ஒரு ஷிப்டு போட்டார்: ஐந்தரையிலிருந்து ஆறு. மரம் இன்னும் தொங்கியது. வாழை மட்டும் கொண்டாட்டமாக நின்றது.

"அதே குழாய், அதே தண்ணி, அதே டைம். எதையும் மாத்தலியே. எனக்கு ஒண்ணுமே புரியல" என்றார். உண்மையிலேயே அவர் முழி பிதுங்கி நின்றார். முப்பத்தொரு வருஷமும் ஒரு வண்டி வரவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தது: டயர் வெடித்திருக்கும், பாலம் அடைபட்டிருக்கும். காரணம் இல்லாமல் வராத வண்டியை அவர் பார்த்ததில்லை.

மகளிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். "அப்பா, தயவுசெஞ்சு அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க" என்றாள் அவள். "குரல் திரும்ப வருமான்னு பயந்துபோயிருக்காங்க. காலைல எழுந்ததும் 'மரம்?'னு எழுதிக் காட்டுறாங்க. நல்லா இருக்குன்னே சொல்லுங்க. அவங்க வர்றதுக்குள்ள சரி பண்ணிடுங்க."

சரி பண்ணிடுங்க. எதை என்றுதான் தெரியவில்லை. அக்கா வரும்போது அந்த மரம் நிற்க வேண்டும். அத்தானுக்கு அப்போது வாழ்க்கையில் வேறு எதுவும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய் மரத்தைப் பார்த்துவிட்டு வருவார்.

நர்சரிக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் பாத்தியைப் பார்த்தார், கையால் சேற்றைத் தொட்டார், முகத்தைச் சுளித்தார். "தண்ணி ரொம்ப ஜாஸ்தி சார். வேர் அழுகுது. ஒரு வாரம் ஒரு சொட்டு விடாதீங்க."

அத்தான் அந்த ஒரு வாரத்தை எப்படிக் கழித்தார் என்று எனக்குத்தான் தெரியும். ஐந்தரைக்குக் குழாயைக் கையில் எடுத்து, திறக்காமல், ஆறு வரை சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். மரம் இன்னும் மோசமாகியது. அதோடு புதிதாக ஒரு குழப்பம்: வாழை இலைகளும் ஓரம் காய ஆரம்பித்தன.

"வாழைக்கு என்ன கேடு? நான் அதுக்கு என்னிக்குத் தண்ணி விட்டேன், இப்ப நிறுத்த?" என்றார்.

"துணைக்குத் துணையா வாடுது போல" என்றேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

நர்சரிக்காரர் மறுபடி வந்தார். இந்த முறை பாத்தி காய்ந்திருந்தது. "தண்ணியே பத்தல சார். காலை மாலை நிறைய விடுங்க."

"போன வாரம் ஜாஸ்தின்னீங்க?"

"அது போன வாரம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அத்தான் போனில் வழக்கம்போல, "மரம் ஜோரா இருக்கு" என்றார். பதிலுக்கு, டொக் டொக்.

அவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டு தட்டினா. எதுக்கு ரெண்டு தட்டினா?"

"கை பட்டிருக்கும்."

"இல்ல. நிதானமா ரெண்டு. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சா? அங்க உக்காந்துக்கிட்டு எப்படித் தெரியும்?"

எனக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மறுநாள் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் அக்காவின் பழைய வாளி ஒன்று கிடைத்தது. அதற்குள் ஒரு கத்தரிக்கோல், ரப்பர் டேப், ஒரு ஊசிப்பெட்டி, ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவர். ஸ்க்ரூடிரைவரைப் பார்த்ததும் அத்தான் துள்ளினார். மஞ்சள் கைப்பிடி. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய டூல் பெட்டியிலிருந்து காணாமல் போனது. எலக்ட்ரீஷியன்தான் எடுத்துப்போயிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, அன்றிலிருந்து அந்த ஆளோடு பேச்சுவார்த்தை கிடையாது. அதன் கம்பியில், முனையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சிவப்பு நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டிருந்தது.

"ஸ்க்ரூடிரைவருக்கு எதுக்கு நகப்பாலிஷ்?" என்று அவர் கேட்டார். "இந்தத் தோட்டத்துல ஸ்க்ரூ எங்க இருக்கு?"

பேசிக்கொண்டே ஐந்தரை ஆகிவிட்டது. ஸ்க்ரூடிரைவரை இடுப்பில் செருகிக்கொண்டு, குழாயைத் திறந்து, நர்சரிக்காரர் சொன்னபடி பாத்தி நிறைய விட்டார். நான் காய்ந்த துணிகளை எடுக்க மதில் பக்கம் போனேன். வாழைக்கு அருகே கொடிக்கயிற்றில் கையை வைத்தபோது காலுக்கடியில் களகளவென்று ஒரு சத்தம். குனிந்து பார்ப்பதற்குள் செருப்பு நனைந்துவிட்டது.

"அத்தான், இங்க தண்ணி வருது!"

"அங்க எப்படி வரும்? நான் இங்கல்ல ஊத்துறேன்."

"நீங்க ஊத்துறது இங்கதான் வருது!"

"உளறாதே" என்றார். ஆனாலும் குழாயை மூடினார். சிறிது நேரத்தில் இங்கேயும் நின்றது. திறந்தார். மனதுக்குள் எண்ணினார். "ஒண்ணே கால் நிமிஷம்" என்று அங்கிருந்தே கத்தினார். எந்த வண்டி எங்கே கிளம்பி எங்கே வந்து சேர்கிறது என்பது அவருக்கு ஒரு வழியாகப் பிடிபட்டுவிட்டது. "பெருச்சாளி! வளை தோண்டியிருக்கு!"

மண்வெட்டியை எடுத்தார். பாத்தியில் ஒரு சாண் தோண்டியதும் மண்வெட்டி வழுக்கியது. மண்ணுக்கு அடியில் பழைய தார்ப்பாய், வட்டமாக வெட்டி விரித்தது. அடிமரத்தை ஒட்டி மண் மேடாக அணைத்திருந்தது; தண்ணீர் அதைத் தொடவே முடியாது. தார்ப்பாயின் தாழ்ந்த ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் வாயைத் திறந்துகொண்டு, வாழையைப் பார்த்து மண்ணுக்குள் போயிற்று. குப்பை அடைக்காமல் இருக்க அதன் வாயில் ஒரு டீ வடிகட்டியைக் கம்பியால் கட்டியிருந்தது.

பெருச்சாளி டீ வடிகட்டி கட்டாது. சிவப்புக் கைப்பிடி போட்ட அந்த வடிகட்டியை எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதில் வடித்த டீயை இருபது வருஷம் குடித்திருக்கிறோம். அது எங்கே போயிற்று என்று கேட்டபோது, உடைந்துவிட்டது என்று அக்கா சொல்லியிருந்தாள்.

அத்தான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ... ஆறு வருஷமா நான் வாழைக்குத்தான் ஊத்தியிருக்கேனா?"

எத்தனை பேரைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார், அக்கா எத்தனை முறை பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறாள் என்று எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. எனக்கே முகம் சுட்டது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்? கோபமா, அவமானமா என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"அப்படின்னா மரத்துக்கு யார் ஊத்தினது?" என்றார் திடீரென்று. "தண்ணியே இல்லாம ஆறு வருஷம் காய்க்குமா?"

இடுப்பிலிருந்த ஸ்க்ரூடிரைவரை உருவி, எரிச்சலில் தரையில் குத்தினார். அடிமரத்து மேட்டில் அது விரல் நீளம்கூட இறங்கவில்லை. இரண்டு எட்டு தள்ளிக் குத்தினார். இறங்கவில்லை. வாழைப் பக்கம் போய்க் குத்தினார். கைப்பிடி வரை வெண்ணெயில் போவதுபோலப் போயிற்று. அப்படியே நின்றார். உருவிப் பார்த்தார். நகப்பாலிஷ் கோட்டை விரலால் தடவினார்.

"ஈரம் எது வரைக்கும் போயிருக்குன்னு பார்க்கிற கோல் இது" என்றார் மெதுவாக. "இந்தக் கோடு வரைக்கும் இறங்கினா போதும்னு அர்த்தம். இறங்கலைன்னா ஊத்தணும்."

பிறகு டிக்கெட் பரிசோதகர் மாதிரி ஒவ்வோர் அடியாக மரத்தைச் சுற்றிவந்து குத்திக்கொண்டே போனார். கிளைகளின் நிழல் முடிகிற இடத்தில், காய்ந்த சருகுக்கு அடியில், கோல் எதிலோ தட்டியது. அந்தச் சருகை அக்கா ஒருநாளும் பெருக்க விடமாட்டாள். குப்பைக்காடு என்று அத்தான் திட்டியிருக்கிறார். சருகைத் தள்ளினோம். பழைய ரப்பர் குழாய் ஒன்று மரத்தைச் சுற்றிப் பெரிய வட்டமாகப் படுத்திருந்தது. அதில் சாணுக்கு ஒன்றாக ஊசியால் குத்திய துளைகள். ஒரு நுனி மடித்துக் கட்டியிருந்தது. மறுநுனி துவைக்கிற கல் பக்கத்துக் குழாயடியில் போய் முடிந்தது.

அக்கா ஆஸ்பத்திரியில் காற்றில் போட்டுக் காட்டிய வட்டம் அதுதான்.

"எப்போ ஊத்தியிருப்பா?" என்று நான் கேட்டேன். "நீங்க எப்பவும் வீட்லயே இருக்கீங்களே."

அவர் யோசிக்கவே இல்லை. "செவ்வாய்க்கிழமை" என்றார். ஓய்வு பெற்ற டிப்போக்காரர்கள் செவ்வாய்தோறும் சந்திப்பார்கள். ஒன்பது மணிக்குப் படி இறங்கினால் ஒன்றேகாலுக்குத்தான் திரும்புவார், ஒரு நிமிஷம் முன்பின் இருக்காது. இதைவிட வசதியான கணவன் யாருக்கு வாய்ப்பான்?

அன்றே அந்தக் குழாயை இணைத்து, திருகைக் கால்வாசி திறந்தார். துளைகளில் தண்ணீர் பீய்ச்சவில்லை, கசிந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் குத்தினால் இரண்டு விரல். படுக்கப்போகும் முன் நாலு விரல். மறுநாள் மதியம்தான் நகப்பாலிஷ் கோடு மண்ணைத் தொட்டது. "இதுக்கு டைம் டேபிளே கிடையாதா?" என்று கேட்டார். மண் கேட்டால் கொடு, கேட்காவிட்டால் சும்மா இரு என்பது அவருக்குப் பழக்கமே இல்லாத டியூட்டி. தினமும் குத்திப் பார்ப்பார். கோடு வரை இறங்கினால் அன்றைக்கு விடாமல் இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் அவருக்கு முடியவில்லை. நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

தார்ப்பாயையும் பிளாஸ்டிக் குழாயையும் பழையபடியே மூடினார். டீ வடிகட்டியைக் கழுவி மறுபடி கட்டினார்.

"எதுக்கு அத்தான்?"

"எனக்குத் தெரியக் கூடாதுன்னு அவ நினைச்சிருக்கா. நான் தெரியாமலே இருந்துட்டுப் போறேன். நீயும் வாயைத் திறக்காதே." சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்தரைக்கு மறுபடி பாத்தியில் குழாயைப் பிடித்தார். பாதி வீம்பு, பாதி பாசம். எந்தப் பாதி பெரியது என்று என்னால் சொல்ல முடியாது.

எட்டாவது வாரம் அக்கா வந்தாள். மரத்தில் பாதிக் கிளை மொட்டையாக இருந்தது. மீதியில் செம்பழுப்பு நிறத்தில் துளிர் விட்டிருந்தது. காரிலிருந்து இறங்கி உள்ளே போகாமல் நேரே பின்பக்கம் வந்தாள். மரத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். குரல் திரும்பியிருந்தது, கரகரவென்று, பழைய ரேடியோ மாதிரி.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் அத்தானிடம். "நீங்க விடுற தண்ணி மரத்துக்குப் போகாது. நீங்க ஆரம்பிச்ச வருஷமே அடிப்பட்டை கறுத்து அழுக ஆரம்பிச்சிடுச்சு. நீங்க பேரனைப் பார்க்கப் போன நாலு நாள்ல பிளம்பரை வச்சு வாழைப் பக்கம் திருப்பிவிட்டேன். மரத்துக்கு நான்தான் ஊத்தினேன். ஆஸ்பத்திரில சைகைல சொல்லிப் பார்த்தேன், உங்களுக்குப் புரியல. எழுதிக் காட்டலாம்னா, ரயிலுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டீங்க; அப்புறம் எழுதினா, போன்ல படிச்சுச் சொல்லப்போறது உங்க பொண்ணு. ஒரே நாள்ல ஊருக்கே சொல்லிச் சிரிப்பா."

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள்.

"அதோட, நீங்கதான் தினமும் ஜோரா இருக்குன்னு சொன்னீங்களே. அதுதான் எனக்குப் புரியவே இல்ல. இந்த வெயில்ல, சொட்டுத் தண்ணி போகாம எப்படி ஜோரா இருக்கும்? நான் ரெண்டு தட்டினேன். மறுநாளும் ஜோரா இருக்குன்னீங்க." அவள் கண் கலங்கிவிட்டது. "படுத்துக்கிட்டு அதையேதான் நினைச்சேன். அப்போ ஆறு வருஷமா நான் ஊத்தினதெல்லாம் எதுக்கு? நான் இல்லாமலே எல்லாம் நல்லாத்தான் நடக்குது போலன்னு."

சும்மா இருந்திருந்தால் அத்தானுக்குப் போன மானம் திரும்பி வந்திருக்கும். இலை உதிர்ந்தது வெயிலால் என்று சொல்லியிருக்கலாம். மரத்தைக் காப்பாற்றியவர் என்ற பெயரோடு மிச்சக் காலத்தைக் கழித்திருக்கலாம். அவர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"பொய்" என்றார். "ஒரு நாள்கூட ஜோரா இல்ல. நாலாவது வாரம் கிட்டத்தட்ட போயே போச்சு. நீ ஊத்தினதுதான் அதுக்குத் தண்ணி. நான் வாழைக்கு ஊத்தினவன்."

அக்கா நிமிர்ந்தாள். "தெரியுமா உங்களுக்கு?"

"டீ வடிகட்டியைப் பார்த்தேன்."



"கோபமா?"

"ஆமா" என்றார் அத்தான். "ஏன் சொல்லல நீ? அப்பவே குழாயைத் திருப்பி வாங்கியிருக்கலாமே."

"ரிட்டயர் ஆகி மூணு வாரம் நீங்க சிரிக்கவே இல்ல. இந்தக் குழாயைக் கையில குடுத்த அன்னிக்குத்தான் சிரிச்சீங்க" என்றாள் அக்கா. "அதை எப்படிங்க திருப்பி வாங்குறது?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். நான் துணி எடுக்கிற சாக்கில் மதில் பக்கம் போய்விட்டேன். கொடியில் துணி ஒன்றும் இல்லை.

திரும்பி வந்தபோது அக்கா எழுந்து நின்றிருந்தாள். குழாயைச் சுருளோடு எடுத்து அவரிடம் நீட்டினாள். "ஏங்க, அஞ்சு இருபத்தொன்பது."

"எதுக்கு?"

"வாழை காத்துக்கிட்டிருக்கு."

அவர் குழாயை வாங்கினார். நேரே வாழைக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. எப்போதும் நிற்கிற இடத்தில், அடிமரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, கடிகாரத்தைப் பார்த்து, வட்டத்துக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டார். அக்கா மதில் ஓரமாகப் போய் வாழையடியில் நின்றாள். கொஞ்ச நேரத்தில், "வந்துடுச்சு" என்று அந்தக் கரகரத்த குரலில் கூப்பிட்டாள்.

"ஒண்ணே கால் நிமிஷம்" என்றார் அத்தான்.

ஆறு மணிக்குக் குழாயை மூடினார்.